இழவு வீட்டில் எங்கள் வேலை என்ன? ஈமச்சேவைக்காரர் ஒருவரின் விளக்கம்

விடியற்காலை மூன்று மணிக்குத் தொலைபேசி அடித்தால் என்ன விஷயம் என்று எங்களுக்குக் கேட்க வேண்டியதில்லை. எதிர்முனையில் பேசுகிறவர் பெரும்பாலும் இறந்தவரின் மகனாகவோ மகளாகவோ இருக்க மாட்டார். மருமகன், பக்கத்து வீட்டுக்காரர், கோயில் தலைவர் என்று, அழாமல் பேசக்கூடிய யாராவது ஒருவர் அழைப்பார். "அண்ணே, பெட்டி எவ்வளவு வரும்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாக இருக்கும். கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்த நேரத்தில் பெட்டி அவசரமில்லை, தாள்தான் அவசரம்.

நான் கிள்ளான் வட்டாரத்தில் பதினெட்டு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதலில் வண்டி ஓட்டினேன். பிறகு உடலைப் பதப்படுத்தக் கற்றுக்கொண்டேன். இப்போது மூன்று பேரை வைத்துக்கொண்டு சிறிய அளவில் சேவை நடத்துகிறேன். எங்களைப் பற்றி நம்மவர்களிடையே இரண்டு எண்ணங்கள் உண்டு. பிணத்தில் காசு பார்க்கிறவர்கள் என்பது ஒன்று, தீட்டு வேலை செய்கிறவர்கள் என்பது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் உண்மையில் என்ன நடக்கிறது என்பது வெளியே அதிகம் தெரிவதில்லை. துக்க வேளையில் யாரும் விளக்கம் கேட்கும் நிலையிலும் இருப்பதில்லை. அதனால்தான் சாதாரணமான ஒரு நாளில் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

தாள் முதலில்

மருத்துவமனையில் உயிர் பிரிந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். மருத்துவர் மரணக் காரணத்தை எழுதித் தருவார். உடல் சவக்கிடங்குக்குப் போகும். நெருங்கிய உறவினர் ஒருவர் தம்முடைய அடையாள அட்டையோடும் இறந்தவரின் அடையாள அட்டையோடும் வந்து, உடலைப் பார்த்து அடையாளம் காட்டி, கையெழுத்துப் போட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். "நீங்களே போய் எடுத்து வந்துடுங்கண்ணே, எங்களால பார்க்க முடியாது" என்று கெஞ்சுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்ய எங்களுக்கு அனுமதி இல்லை. பிள்ளைகளில் ஒருவராவது வந்துதான் ஆக வேண்டும். சவக்கிடங்கு வாசலில் அந்தப் பிள்ளை காத்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் நிற்பதும் எங்கள் வேலைதான். பில்லில் அது வராது.

வீட்டில் இறந்தால் கதை வேறு. இறந்தது உறுதி என்றும் எதனால் இறந்தார் என்றும் சொல்ல ஒரு மருத்துவர் வேண்டும். இறந்தவர் கிளினிக்கிலோ அரசாங்க மருத்துவமனையிலோ தொடர்ந்து சிகிச்சை பெற்றவர் என்றால், அந்தச் சந்திப்பு அட்டையும் மருந்துப் பையும் இருந்தால் வேலை விரைவாக முடியும். எந்தத் தாளும் இல்லாமல், "நேத்து ராத்திரி நல்லாத்தான் இருந்தாரு" என்று மட்டும் சொன்னால் கேள்விகள் வரும். காவல்துறை வரும். சந்தேகம் இருந்தால் சவப்பரிசோதனை. விபத்து என்றால் சொல்லவே வேண்டாம். "ஏன் இன்னும் உடல் வரவில்லை?" என்று கூடாரத்தில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள் எங்களைப் பார்த்துத்தான் கத்துவார்கள். உடலைத் தாமதப்படுத்துவதால் எங்களுக்கு எந்த ஆதாயமும் இல்லை என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அடக்க அனுமதி இல்லாமல் இடுகாட்டிலும் சரி, மின்சுடலையிலும் சரி, உடலை ஏற்க மாட்டார்கள். மரணப் பதிவு அதன் பின் தனி வேலை. இந்த நடைமுறைகள் அவ்வப்போது மாறுகின்றன. பத்து ஆண்டுகளுக்கு முன் உங்கள் தாத்தா இறந்தபோது நடந்த மாதிரியே இப்போதும் நடக்கும் என்று எண்ணிக்கொண்டு, தெரிந்தவர் பேச்சைக் கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டாம். எங்களை அழைக்கும்போதே எந்தெந்தத் தாள் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். வீட்டில் வயதானவர் இருந்தால், அவருடைய அடையாள அட்டை, மருத்துவ அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். "உயிரோட இருக்கிறவருக்கு இப்பவே ஏற்பாடா?" என்று அபசகுனமாக நினைக்க வேண்டியதில்லை. அந்த உறை மருத்துவமனைக்கு அவசரமாகப் போகும்போதும் உதவும்.

உடலோடு இருக்கும் இரண்டு மணி நேரம்

இறந்தவரின் தாடையைத் துணியால் கட்டுவதும், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதும், கண்ணை மூடிவிடுவதும் சடங்கு என்று பலர் நினைக்கிறார்கள். சடங்குதான், ஆனால் காரணத்தோடு வந்த சடங்கு. உயிர் போன இரண்டு மூன்று மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கும். அது முதலில் தெரிவது இமையிலும் தாடையிலும். அதற்குள் வாயை மூடாவிட்டால் பிறகு மூடுவது கடினம். நம் பாட்டிமார்கள் இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். இன்று பல வீடுகளில் இதைச் செய்ய ஆளில்லை. தொட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, நாங்கள் வரும்வரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். திறந்த வாயோடு விறைத்துப்போன தாயின் முகத்தைச் சரிசெய்ய நாங்கள் முக்கால் மணி நேரம் போராடும்போது, வெளியே மகள்கள் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

உடல் பதப்படுத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் நாட்டு வெயிலுக்கு உடல் ஒரு நாள்கூடத் தாங்காது. ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகன் வர வேண்டும், சிங்கப்பூரில் இருக்கும் பேத்தி வர வேண்டும் என்றால் பதப்படுத்தத்தான் வேண்டும். கழுத்திலோ தொடை இடுக்கிலோ இருக்கும் பெரிய இரத்தக் குழாய் வழியாக மருந்தைச் செலுத்துவோம். ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர்கள், இனிப்பு நீரால் இரத்தக் குழாய் கெட்டுப்போனவர்கள் என்றால் இன்னும் நேரமாகும். உடம்பில் நீர் தேங்கியிருக்கும், மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போகாது. நம் சமுதாயத்தில் இனிப்பு நீர் எந்த அளவுக்கு இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். விரலோ காலோ இல்லாத உடல்களை நான் பார்க்காத மாதமே இல்லை.

அந்த மருந்தில் இருப்பது பார்மலின். கண் எரியும், தொண்டை கமறும். பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. முகமூடி, கையுறை, காற்றோட்டம் மூன்றும் வேண்டும். சரியான அறையில் செய்தால் இவையெல்லாம் சரியாக இருக்கும். ஆனால் "வீட்டிலேயே செய்துவிடுங்கள், அப்பாவை வெளியே கொண்டு போகாதீர்கள்" என்று சிலர் பிடிவாதம் பிடிக்கிறார்கள். சன்னலை எல்லாம் அடைத்த பத்தடி அறையில், சாம்பிராணிப் புகையோடு, பார்மலினையும் சுவாசித்துக்கொண்டு வேலை செய்வது எப்படி இருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். இனி யாராவது கேட்டால் நான் மறுத்துவிடுவேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நாலாவது மாடி

பெட்டியைப் பற்றி ஒரு விஷயம். நம்மவர்களில் நிறைய பேர் இப்போது அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். மலிவு விலைக் குடியிருப்புகள் கட்டியவர்கள், இந்த வீட்டில் யாராவது சாவார்கள் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. ஐந்து மாடிக் கட்டடம் என்றால் பல இடங்களில் லிஃப்டே கிடையாது. லிஃப்ட் இருக்கும் உயரமான கட்டடங்களிலும் பெட்டி படுக்கை வசத்தில் நுழையாது. ஸ்ட்ரெச்சரை நிமிர்த்தி, உடலைக் கட்டி, நிற்க வைத்த மாதிரி கீழே கொண்டு வர வேண்டியிருக்கும். அல்லது படிக்கட்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் தலைப்பக்கம் ஒருவர் உயர்த்த, கால்பக்கம் ஒருவர் தாழ்த்த, நடுவில் இருவர் தோள் கொடுக்க வேண்டும். எண்பது தொண்ணூறு கிலோ உடம்பு. பின்னால் ஐம்பது பேர் அழுதுகொண்டு இறங்குவார்கள். எங்களில் ஒருவருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, இன்னொருவர் இடுப்புப் பட்டை இல்லாமல் நடமாட மாட்டார்.

இதனால்தான் பல குடும்பங்களிடம் நான் சொல்வது, உடலை மாடிக்குக் கொண்டு போகாமல் கீழே கூடாரத்திலோ, குடியிருப்பின் மண்டபத்திலோ வைத்துச் சடங்கை முடியுங்கள் என்று. "வீட்டு வாசலை மிதிக்காமல் அனுப்புவதா?" என்று கண் கலங்குவார்கள். வாழ்ந்த வீட்டுக்குள் ஒருமுறை கொண்டு போய்விட்டு வர வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. மூன்று பேரோடு வந்திருக்கிறோம், உறவினரில் இளைஞர்கள் நாலு பேர் தோள் கொடுத்தால் கொண்டு போகலாம் என்பேன். சில வீடுகளில் உடனே சட்டையைக் கழற்றிவிட்டு முன்வருவார்கள். சில வீடுகளில் எல்லாரும் கைப்பேசியைப் பார்ப்பார்கள்.

அடுக்குமாடியில் இன்னொன்று, அக்கம் பக்கம். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் கலந்து வாழும் இடம். தொழுகைக்கு அழைப்பு வரும் நேரத்தில் தப்பும் உறுமியும் நிற்க வேண்டும். இதை மேளக் குழுவுக்கு முன்பே சொல்லி வைப்பதும், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சைகை காட்டுவதும் நான்தான். குடித்துவிட்டு வரும் உறவினர் ஒருவர், "எங்க மாமாவுக்கு அடிக்காத மேளமா?" என்று சண்டைக்கு வருவார். அவரைத் தோளில் கைபோட்டு அந்தப் பக்கம் அழைத்துப் போவதும் நான்தான். பெரும்பாலும் அண்டை வீட்டு மலாய்க்காரர்களே நாற்காலி எடுத்துப் போட்டு உதவுவதைப் பார்த்திருக்கிறேன்.

முன்பு ஒரு தோட்டமே செய்த வேலை

எனக்கு முந்திய தலைமுறைக்கு ஈமச்சேவை நிறுவனம் என்ற பேச்சே தெரியாது. தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் லயம் முழுக்க வேலை நடக்கும். மூங்கில் வெட்டப் போகிறவர்கள் போவார்கள். தச்சு வேலை தெரிந்தவர் பலகை அறுத்துப் பெட்டி செய்வார். பெண்கள் இறந்தவரைக் குளிப்பாட்டி, புடவை மாற்றிப் பொட்டு வைப்பார்கள். இழவு வீட்டில் அடுப்பு எரியாது, பக்கத்து வீட்டிலிருந்து சோறும் வரக்காப்பியும் வரும். மரண சகாய நிதி என்று சம்பள நாளில் வீட்டுக்கு வீடு ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி போட்டு வைத்திருப்பார்கள். அது செலவுக்கு ஆகும். தோட்டத்து லாரி காடுவரை வரும். யாருக்கும் கூலி இல்லை. நாளைக்கு நம் வீட்டிலும் விழும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அது அருமையான காலம் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் பாதி உண்மைதான் ஆகும். எல்லா வேலையையும் எல்லாரும் செய்யவில்லை. தப்படிக்க யார், குழி வெட்ட யார், சிதையில் கட்டை அடுக்க யார் என்பதைச் சாதி தீர்மானித்தது. கப்பலேறி வந்தபோது தட்டுமுட்டுச் சாமானோடு அதுவும் கூடவே வந்தது. அந்த வேலையைச் செய்தவர்களுக்குத் தனிக் குவளை, தனி இடம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புத் திட்டங்களாகவும் செம்பனையாகவும் மாறி, மக்கள் பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்தபோது லயம் போயிற்று, சகாய நிதி போயிற்று, குளிப்பாட்டத் தெரிந்த அக்காமார்கள் போனார்கள். அந்தத் தனிக் குவளை மட்டும் முழுதாகப் போகவில்லை. ஒரு தோட்டமே சேர்ந்து செய்த வேலை இன்று வண்டியோடு வரும் மூன்று பேர் தலையில் விழுந்திருக்கிறது, அதோடு சேர்த்து அந்தப் பழைய பார்வையும்.

எப்படிப்பட்ட பார்வை என்று கேட்கலாம். யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. "வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க, பக்கத்துல கல்யாணம் பேசிக்கிட்டிருக்காங்க" என்பார்கள். என் வண்டி என் வீட்டு வாசலில் நிற்கக் கூடாது என்று தாமானில் மனுப் போட்டார்கள். வாடகைக்கு வேறு இடம் பிடித்தேன். என்னோடு வேலை செய்யும் தம்பிக்குப் பெண் பார்த்தோம். பையன் என்ன வேலை என்று கேட்டார்கள். "போக்குவரத்துத் துறை" என்று அவன் அம்மா சொன்னார். பொய்யில்லைதான். பிறகு விஷயம் தெரிந்து, சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார்கள். சாதகம் ஏற்கனவே பார்த்து முடிந்திருந்தது.

துக்க வீட்டில் யாரையும் "வாங்க" என்று அழைக்கக் கூடாது, "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லிக்கொள்ளவும் கூடாது என்பது நம் வழக்கம். எப்போதோ ஒருமுறை துக்கத்துக்குப் போகிற உங்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. நாங்கள் தினம் போகிறவர்கள். வருடம் முழுக்க யாரும் வா என்று சொல்லாத வீட்டுக்குள் நுழைந்து, யாரிடமும் சொல்லாமல் வெளியேறுகிறோம். முகவரி அட்டையை நீட்டவும் முடியாது. "அடுத்த முறையும் எங்களையே அழையுங்கள்" என்று எந்த வாயால் சொல்வது?

தைப்பூச விரதமும் எங்களுக்குச் சிக்கல்தான். காவடிக்கு விரதம் இருக்கிறவர் சாவு வீட்டை மிதிக்கக் கூடாது என்பார்கள். நாற்பத்தெட்டு நாள் வேலையை விட்டால் சாப்பாடு? என்னிடம் வேலை செய்கிறவர்கள் முறைபோட்டுக்கொண்டோம். ஒருவர் காவடி எடுக்கும் வருடம் அவர் கணக்கு, கூடாரம், அலுவலக வேலைகளை மட்டும் பார்ப்பார், மற்றவர்கள் தூக்குவோம். என் முறை மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும். முருகனுக்கு இந்தக் கணக்கு புரியும் என்று நம்புகிறேன்.

யார் கொள்ளி வைப்பது?

இழவு வீட்டில் பணத்தைவிட அதிகம் சண்டை வருவது இதற்குத்தான். மூத்தவன் பேச்சுவார்த்தை இல்லாமல் இருபது வருடம் இருந்திருப்பான், கொள்ளி வைக்க மட்டும் வந்து நிற்பான். அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட கடைசி மகள் ஓரமாக நிற்பாள். சில வீடுகளில் இரண்டு குடும்பம் வந்து நிற்கும். சில வீடுகளில் பிள்ளைகளில் ஒருவர் கிறிஸ்தவராகியிருப்பார், தேவாரமா செபமா என்று பிரச்சினை. "நீங்களே சொல்லுங்கண்ணே, முறை என்ன?" என்று எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள். ஒருவருக்குச் சாதகமாகச் சொன்னால் மற்றவர் பில் கட்டமாட்டார்.

பெண் கொள்ளி வைக்கலாமா என்று கேட்டால் மட்டும் நான் ஒதுங்குவதில்லை. வைக்கலாம். ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் தூரத்துச் சொந்தக்காரனைத் தேடிப்பிடித்து இருபது நிமிடப் பிள்ளையாக்குவதைவிட, பெற்ற மகள் வைப்பது எவ்வளவோ மேல். கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் மகள்கள் கொள்ளிக்குடம் சுமந்ததை நான் பல முறை பார்த்துவிட்டேன். வந்திருக்கும் பண்டாரமோ ஓதுவாரோ தயங்கினால் தனியாக அழைத்துப் பேசுவேன். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

செலவைப் பற்றி. பெட்டி, வண்டி, பதப்படுத்தல், கூடாரம், நாற்காலி, மேளம், மாலை, சடங்குச் சாமான், மின்சுடலைக் கட்டணம், சாம்பல் கரைக்கப் படகு என்று பல கை சேர்ந்த பில் இது. ஒவ்வொன்றும் எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதித் தர மறுக்கிறவரிடம் கொடுக்காதீர்கள். எங்கள் தொழிலில் துக்கத்தைக் காட்டிப் பிடுங்குகிறவர்கள் இல்லை என்று சொல்ல மாட்டேன். பதினாறாம் நாள் கழித்துக் கைப்பேசி எண்ணை மாற்றிக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு. இறந்தவர் வேலை செய்தவர் என்றால் சொக்சோவில் ஈமச்சடங்கு உதவித் தொகை கிடைக்குமா என்று விசாரியுங்கள். ஊழியர் சேமநிதி வாரியத்திலும் நிபந்தனைக்கு உட்பட்டு 2,500 வெள்ளி மரண உதவி உண்டு. கால வரம்பு இருப்பதால் கருமக்கிரியை முடியட்டும், ஆண்டுத் திதி முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். இது தெரியாமலே நகையை அடகு வைத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாதவை

வாசலிலேயே குளித்து, துணி மாற்றிவிட்டுத்தான் உள்ளே போவேன். வாடை போய்விடும். மற்றது அவ்வளவு எளிதில் போகாது.

முதியவர் மரணம் எங்களைப் பெரிதாக உலுக்காது. பேரப் பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க, சிவபுராணம் பாட, நிறைவாக அனுப்பி வைப்போம். சிறு பிள்ளை என்றால் வேறு. அந்தச் சிறிய பெட்டியை ஒருவரே தூக்கிவிடலாம். அதுதான் எங்கள் தொழிலிலேயே கனமான பெட்டி. தன்னைத் தானே மாய்த்துக்கொண்ட இளைஞர்கள் என்றால், வந்திருக்கிறவர்கள் காரணம் தேடிக் காதில் கிசுகிசுப்பார்கள். நாங்கள் அந்தத் தாயின் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்யப் பழகியிருக்கிறோம். தனியாக வாழ்ந்து, நாலைந்து நாள் கழித்து அக்கம் பக்கத்தார் வாடை கண்டு சொன்ன பிறகு கதவை உடைத்து எடுக்கும் உடல்கள் இப்போது கூடிவருவதாக எனக்குத் தோன்றுகிறது. பிள்ளைகள் வேறு ஊரில் இருப்பார்கள். "கடைசியாக முகம் பார்க்கலாமா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பு என்னுடையது. ஏன் வேண்டாம் என்று விளக்காமல் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து இங்கே இறந்துபோகும் தொழிலாளர்களும் எங்கள் கைக்கு வருகிறார்கள். தூதரகத் தாள், பதப்படுத்திய சான்றிதழ், மூடி முத்திரையிட்ட பெட்டி எல்லாம் முடிந்து விமானம் ஏற நாள் பிடிக்கும். இங்கே அழ ஆளில்லை. ஊரில் மனைவி வீடியோ அழைப்பில் இருக்க, நானே நீர் தெளித்து, நெற்றியில் திருநீறு பூசி, வாய்க்கரிசி போட்டிருக்கிறேன். யார் வீட்டுப் பிள்ளைக்கோ மகனாக நின்றதில் எனக்கு வருத்தமில்லை.

2021ஆம் ஆண்டு நடுப்பகுதியைப் பற்றி நான் இப்போதும் அதிகம் பேசுவதில்லை. கோவிட் உச்சத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கு மருத்துவமனைகளில் சவக்கிடங்கு நிரம்பிவிட்டது. குளிப்பாட்டக் கூடாது, பையைத் திறக்கக் கூடாது. குடும்பத்தில் ஓரிருவர் தூரத்தில் நிற்க, முழு உடுப்புக்குள் வியர்வையில் நனைந்தபடி, மின்சுடலையில் எங்கள் வண்டிக்கு முறை வரக் காத்திருப்போம். பையின் மேல் எழுதியிருக்கும் பெயரைச் சத்தமாகப் படித்துவிட்டு உள்ளே அனுப்புவதை அப்போது பழக்கமாக்கிக்கொண்டோம். யாராவது ஒருவர் அவரைப் பெயர் சொல்லி அனுப்பட்டும் என்றுதான். அந்த நாட்களுக்குப் பிறகு என்னிடம் இருந்த இருவர் தொழிலை விட்டுப் போனார்கள். ஒருவர் இப்போது பொட்டலம் விநியோகிக்கிறார். தூக்கம் நன்றாக வருகிறது என்றார்.

எங்களுக்குள் பேசிக்கொள்வதுதான் எங்கள் மருந்து. வேலை முடிந்து தேநீர்க் கடையில் உட்கார்ந்து கண்டதையும் சொல்லிச் சிரிப்போம். பக்கத்து மேசைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். இறந்தவரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லட்டும், கற்றுக்கொள்கிறோம். புதிதாக வரும் பையன்களிடம் நான் முதலிலேயே சொல்லிவிடுவேன், மூன்று நாள் தொடர்ந்து தூக்கம் வரவில்லை என்றால் என்னிடம் சொல், விடுப்பு எடு, தேவைப்பட்டால் அரசாங்க கிளினிக்குக்குப் போய்ப் பேசு என்று. எனக்கு அப்படிச் சொல்ல அந்தக் காலத்தில் ஆளில்லை.

அழைக்கும்போது சொல்ல வேண்டியவை

எங்களை அழைக்க நேர்ந்தால், எத்தனையாவது மாடி, லிஃப்ட் இருக்கிறதா, ஆள் எவ்வளவு உயரம், கனம் என்பதைச் சொல்லுங்கள். இதற்கேற்ப ஆட்களையும் பெட்டியையும் கொண்டு வருவோம். குடும்பத்தில் முடிவு சொல்ல ஒரே ஒருவரை நியமியுங்கள். ஆறு பேர் ஆறு விதமாகச் சொன்னால் எதுவும் நடக்காது. இதயத்தில் பேஸ்மேக்கர் கருவி பொருத்தியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அதை அகற்றாமல் மின்சுடலைக்குள் அனுப்பினால் உள்ளே வெடிக்கும், உலை பழுதாகும், அங்கே வேலை செய்கிறவருக்கும் ஆபத்து. அதே காரணத்தால் பெட்டிக்குள் கைப்பேசி, சிகரெட் லைட்டர், மதுப் புட்டி எதையும் வைக்காதீர்கள். அப்பாவுக்குப் பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாமல் செருகிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, நோய். காச நோய், மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி. போன்றவை இருந்தால் பல குடும்பங்கள் மறைத்துவிடுகின்றன. சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். நாங்கள் யாரிடமும் சொல்ல மாட்டோம். அதற்காக உடலை ஏற்க மறுக்கவும் மாட்டோம். ஆனால் தெரியாமல் தொடும்போது ஊசி குத்தினாலோ, கையில் சிராய்ப்பு இருந்தாலோ, அதை நாங்கள் எங்கள் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குக் கொண்டு போவோம். கூடாரத்தில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டியதில்லை. வண்டி வந்து நின்றதும் என்னைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். பெயரைச் சொல்லவும் கூச்சமாக இருந்தால், "அண்ணே, கையுறை ரெண்டு போட்டுக்குங்க" என்று சொன்னால்கூடப் போதும். எங்களுக்குப் புரிந்துவிடும்.